பூசைக்குக் காத்திருந்த பட்டைகள்

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. விடியற்காலையில் தூறிய மழை நின்று, எட்டு மணிக்கே வெயில் புழுங்கத் தொடங்கியிருந்தது. அன்னவாசலுக்கு மேற்கே, ஊரார் கிரஷர் என்று சொல்லும் கல்லுடைப்பு ஆலையின் சரக்கறை வாசலில் நின்றுகொண்டு, சூசைராஜ் ஒரு மஞ்சள் தலைக்கவசத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து அழுத்திக் காதருகே பிடித்திருந்தார். உள்ளே மெல்ல ஒரு நெறுநெறுப்பு கேட்டது. கவசத்தைக் கவிழ்த்து, உட்புறத்தில் கடிகார முகம்போல் பதிந்திருக்கும் முத்திரையை மூக்குக்கண்ணாடிக்கு நேரே கொண்டுவந்து, எந்த ஆண்டு எந்த மாதம் செய்யப்பட்டது என்று பார்த்தார். பிறகு அதைத் தமக்கு இடப்புறம் வைத்தார். இடப்புறம் வைத்தது மறுபடி யார் தலைக்கும் போகாது.

"கேட்டாத்தான் சொல்லும். சாமானு தானா வந்து, எனக்கு வயசாயிருச்சுன்னு சொல்லுமா?" என்பார்.

ஆவூர்க்காரர், ஐம்பத்தேழு வயது. வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறையின் சரக்கறையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவர். உயரத்தில் ஏறுபவர்கள் உடம்பில் பூட்டிக்கொள்ளும் பட்டையை வில்லாக வளைத்து, வளைவின் மேட்டில் இழை சிலிர்க்கிறதா என்று பார்ப்பதும், ஒரு முறை ஆளைத் தாங்கிய பட்டையை மறுமுறை நம்பாதிருப்பதும் அங்கே கற்றவை. அந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. விருந்துக்குப் போனாலும் நெகிழி நாற்காலியை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். "கல்யாண வீட்டுல பொண்ணு மாப்பிள்ளையப் பாக்காம நாற்காலியப் பாக்குற மனுசன் இவுக ஒருத்தருதான்," என்பார் அவர் மனைவி அடைக்கலமேரி.

கழித்த பொருளை முழுதாக வெளியே விடமாட்டார். தகரம் வெட்டும் கத்தரியால் பட்டைகளை முழத்துண்டுகளாக்குவார். தலைக்கவசத்தை ரம்பத்தால் இரண்டாகப் பிளப்பார். உடைத்த கல்லை மேலே கொண்டுபோகும் கன்வேயரில் ஏறி உருளை மாற்றும் சிவபிரகாஷுக்கு இதில் தீராத வருத்தம்.

"அண்ணே, முழுசா குடுங்கண்ணே. எங்க வீட்டு மாட்டக் கட்டிக்கிறேன். அது எங்கிட்டு ஏறி விழப்போவுது?"

"மாட்டத்தான் கட்டுவ. ஒரு நா இங்க ஒம் பட்டையக் காணோம்னா, மாட்ட அவுத்து விட்டுட்டு அதை நீ கட்டிக்கிட்டு ஏறுவ. போடா அங்கிட்டு."

சிரிப்பு எழும், அவரும் சிரிப்பார். ஆனால் போன ஆண்டு அக்டோபருக்குப் பிறகு அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றுவிடுகிறது.

அந்த ஆலையில் புதிய பொருள்கள் ஆயுத பூசையன்றுதான் கைக்கு வரும். வேறெவரும் அப்படி விதிக்கவில்லை. சூசைராஜே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. தலைக்கவசம், கையுறை, பட்டை அனைத்தையும் இயந்திரத்தின் முன் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிப் பொட்டலத்தோடு ஒவ்வொருவர் கையிலும் அவரே கொடுப்பார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வாங்குபவன் கும்பிட்டு வாங்குவான். ஆண்டு முழுதும் குறை சொல்லியே பிழைக்கிற மனிதருக்கு, கொடுக்கிற கையாக இருக்கக் கிடைத்த ஒரே நாள். மாதா கோயில்காரர் பூசைக்கு இவ்வளவு பாடுபடுகிறாரே என்று மற்றவர்கள் வியப்பதும் அவருக்குப் பிடித்திருந்தது.

சென்ற ஆண்டு செப்டம்பர் இருபத்து மூன்றாம் நாள் ஆறு புதிய பட்டைகள் வந்தன. பூசைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. சாக்கைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்த வாரமே, சிவபிரகாஷோடு கன்வேயரில் ஏறும் நாகராசுவின் பழைய பட்டையை வளைத்துப் பார்த்தார். வளையத்தருகே தையல் வெளுத்து, இழை பஞ்சாகச் சிலிர்த்திருந்தது. கை பீரோச் சாவியைத் தொட்டது. 'கொஞ்ச நாள்தானே' என்று நினைத்தார். பட்டையை நாகராசுவிடமே திருப்பிக் கொடுத்தார்.

அக்டோபர் ஐந்தாம் நாள் கன்வேயர் மேல்தட்டில் நாகராசுவின் கால் வழுக்கியது. பட்டை ஒரு கணம் இழுத்துப் பிடித்து, தையலோடு பிரிந்துவிட்டது. கீழே ஜல்லிக் குவியல் இருந்ததால் உயிர் தங்கியது; இடுப்பெலும்பு தங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே சூசைராஜ் பீரோவைத் திறந்து, பொட்டும் வைக்காமல் பொரியும் இல்லாமல் புதிய பட்டைகளைக் கொடுத்தார். "ஒரே ராத்திரியில எங்கிட்டோ ஓடி வாங்கிட்டு வந்துட்டாருடா மனுசன்!" என்று சிவபிரகாஷ் மருத்துவமனையில் போய்ச் சொல்ல, கட்டோடு கிடந்த நாகராசு அவர் இருந்த திசையை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டானாம். விசாரித்தவர்கள் அனைவரும் பழைய பட்டையைப் பற்றியே கேட்டார்கள். புதியதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவர் தமக்குள் பலமுறை சொல்லிக்கொண்டார். கேட்காதபோது சொல்வதற்கு அவருக்கு வாய் வரவில்லை.

பழியை நாகராசுவே எடுத்துக்கொண்டான். வேலை முடிந்ததும் பட்டையைக் கைப்பிடிக் கம்பியில் வெயிலில் மாட்டிவிட்டுப் போவது அவன் வழக்கம். "நாந்தான் அதைக் காயப்போட்டுக் கெடுத்தேன்," என்று கேட்பவரிடமெல்லாம் சொன்னான். அவன் மனைவி சரண்யாவும், "மாட்டுக் கவுத்தக்கூட நெழல்ல போடுவாரு, உசுரக் கட்டுற பெல்ட்ட வெயில்ல போட்டாரு," என்று சூசைராஜ் காதுபடவே இடித்துக் காட்டுவாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். இப்போது அவன் எடைமேடையில் உட்கார்ந்து, உள்ளே வரும் வண்டிகளுக்குச் சீட்டுப் போடுகிறான். இனி ஏற முடியாது.

அன்று பத்து மணிக்குத் திருச்சியிலிருந்து வந்த சிறிய வண்டி, இந்த ஆண்டுக்கான பட்டைகளை இறக்கியது. சூசைராஜ் வண்டியடியிலேயே சாக்கைக் கிழித்தார்.

"பூசைக்கு இன்னும் ஒம்பது நாளுதானண்ணே, பொட்டு வச்சுக் கட்டிக்கிறோமே," என்றான் சிவபிரகாஷ்.

"இப்பக் கட்டு. எங் கண்ணு முன்னால கட்டு."

பழையதை அவன் தோளிலிருந்து அவரே கழற்றி, அங்கேயே கத்தரியால் நறுக்கினார். மற்றவர்களும் வாங்கிக்கொண்டு மேலே போனார்கள்.

எடைமேடையிலிருந்து நாகராசு ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். கையில் வண்டிக்காரர் கொடுத்த சீட்டு இருந்தது.

"அண்ணே, ஒன்னு கேக்கலாங்களா?"

"கேளு."

"இந்தச் சீட்டப் பாத்தேன். போன மாசம் இருபத்தெட்டாந்தேதி பட்டைக்கு ஆர்டர் சொல்லிருக்கீங்க, இன்னைக்குத்தான் வந்துருக்கு. இருபத்தஞ்சு நாளு." அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை, புரியாமைதான் இருந்தது. "போன வருசம் நான் விழுந்த மறுநாளே எப்புடிண்ணே வந்துச்சு?"

மேலே கன்வேயர் ஓடத் தொடங்கியது. சூசைராஜ் கத்தரியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மறுநாளு வரல நாகராசு. நீ விழுறதுக்குப் பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே வந்துருச்சு. பீரோவுல வச்சுப் பூட்டிருந்தேன்."