அப்பாவுக்குத் தெரிந்த முகம்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீரங்கத்து வீட்டில் அப்பாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். அக்கா துறையூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு காலையில் அப்பா திடீரென்று என் கையைப் பிடித்து, அக்காவின் பெயரைச் சொல்லி, "வந்துட்டியா கண்ணு?" என்று தடவிக்கொடுத்தார். என்னை அவர் ஒருநாளும் கண்ணு என்றதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

திருச்சியிலிருந்து டாக்டர் வந்தார். ஞாயிறிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். வெள்ளிக்கு வருவதற்குள் அப்பாவுக்குக் கண் செருகிவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"முந்தாநாள் வரைக்கும் பேப்பர் படிச்சாருங்க."

"அப்ப இது வயசான மறதி இல்லம்மா. அது மாசக்கணக்குல மெல்ல வரும். இது நீர்க்கடுப்புக் காய்ச்சல்ல வந்த குழப்பம். காய்ச்சல் இறங்கினா தெளிஞ்சிடும்."

ஊசி போட்டார். அடுத்த வாரம் மறுபடி வந்து, என்னைக் காட்டி, "இது யாருங்க?" என்று கேட்டார்.

"என் சின்னப் பொண்ணு. உப்பில்லாத கஞ்சியைக் குடுத்தே கொல்றா."

"நல்லாத் தெளிஞ்சிட்டாரு" என்று டாக்டர் சிரித்தார்.

அன்று மாலை அக்கா பஸ்ஸில் வந்தாள். அப்பாவுக்கு அந்த நாட்கள் எதுவும் நினைவில்லை.

"காய்ச்சல்ல என்னைத் தேடினாராடி?"

"உன்னை மட்டுந்தான்க்கா" என்றேன். அவள் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.