அண்ணனின் டியூபாவை ஏன் கொடுக்கவில்லை

அண்ணன் கர்த்தரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினருக்கும் நண்பருக்கும் தங்கையாகிய என் வணக்கம். அமைதியாக எழுதும்படி வீட்டில் சொன்னார்கள். முயன்று பார்த்தேன், முடியவில்லை.

அண்ணன் பிறந்தது மார்த்தாண்டம் பக்கம். ஊர்ச் சபையின் பாண்டு வாத்தியக் குழுவில்தான் ஊதக் கற்றார். சுதந்திரம் வந்த வருடம் அப்பா இறந்தார். அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு அண்ணன் திருவனந்தபுரம் வந்தார். பெரியப்பா இங்கே சபை மூப்பர். பசிக்கு வழி காட்டியது அவரல்ல, ஒரு கிளப். அங்கே நடனத்துக்கு ஜாஸ் வாசிக்கும் குழுவில் அண்ணன் டிராம்போன் ஊதினார். பிறகு மார்போடு அணைத்து அடிநாதம் ஊதும் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலைப் பழையதாக வாங்கினார். நான் டீச்சர் டிரெயினிங் படித்தது அந்தக் குழலால்தான்.

டிரம்பெட்காரர் எழுந்து நின்று ஊதிக் கைதட்டு வாங்குவார். அண்ணனுக்குப் பின்வரிசை. விளம்பரத் தட்டியில் அவர் பெயர் வந்ததே இல்லை. கேட்டால் சிரிப்பார். "முன்னால நிக்கவன் வழி தவறினா திரும்பி வர ஒரு எடம் வேணும்லா? அது நான்" என்பார்.

சனிக்கிழமை கிளப்பில் ஊதிவிட்டு, ஞாயிறு காலை அதே டியூபாவோடு சபை பாண்டில் நிற்பார். உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கும் அடக்கங்களுக்கும் அவர்தான் ஊதினார். ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் பெரியப்பா சொன்னார்: "குடிச்சு ஆடுகவனுக்கு ஊதுக வாயால கர்த்தருக்கு ஊதண்டாம்."

அண்ணன் டியூபாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கிளப்பில் ஆடியவர்களில் நம் சபையாரும் இருந்தார்கள். அவர்களை யாரும் விலக்கவில்லை. அன்றைக்கு வாய் திறக்காதவர்கள் யாரென்று இதைப் படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

மஞ்சள் காமாலையில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் உங்களில் பலர் வரவில்லை. இறந்த அன்று பெரியப்பா வந்தார். ஆறுதல் சொல்ல என்று நினைத்தேன். பாசமாகத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"மக்களே, சபை பாண்டுதான் ஊதும். கிளப்காரன் ஒருத்தனும் கல்லறைக்குள்ள வரண்டாம். ஒனக்க அண்ணனுக்க டியூபாவ மட்டும் தா, அது இல்லாம பாண்டு எடுபடாது" என்றார்.

அண்ணனின் உடல் கூடத்தில் கிடக்கிறது. அவர் வாய் ஆகாது, அவர் குழல் மட்டும் ஆகுமாம்!

"தரமாட்டேன் பெரியப்பா" என்றேன். அம்மாவும் தடுக்கவில்லை.

குழுவில் டிராம்போன் ஊதும் பெஞ்சமின் அண்ணனிடம் டியூபாவைக் கொடுத்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் சபையார் குழுவினரைத் தடுத்தார்கள். "சாரமில்ல, போகட்டும் தங்கச்சி, நாங்க வெளிய நின்னு ஊதுகோம்" என்றார் பெஞ்சமின் அண்ணன். மழையில், மதிலுக்கு வெளியே சாலையில் நின்று ஊதினார்கள். பெஞ்சமின் அண்ணனுக்கு டியூபா பழக்கமில்லை, இரண்டு இடத்தில் பிசகியது. ஆனாலும் உள்ளே பாண்டு நின்றுபோயிற்று. குழியருகே எல்லோரும் மதில் பக்கம் திரும்பி நின்றார்கள்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், மழையில் நனைந்த அந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இப்போது டியூபாவை அண்ணன் நினைவாகச் சபைக்குக் கொடுக்கலாமே, அதில் அவர் பெயர் வெட்டி வைக்கலாமே என்று பெரியப்பா ஆள் அனுப்பியிருக்கிறார். அதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். டியூபா பெஞ்சமின் அண்ணனிடம் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் கிளப்பில் ஊதுகிறார். கேட்க ஆசைப்படும் சபையார் போகலாம். உறுப்பினரல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள், சாலையில் நின்று கேளுங்கள்.