கரகம் விழுந்த நாள்

சுனாமிக்குப் பிறகு எங்கள் மண்டபத்தூரில் நடந்த முதல் மாரியம்மன் திருவிழா அது. பூஜைக்காகக் கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றும்போது வாசலில் கொஞ்சம் சிந்திவிட்டேன். துடைக்கவில்லை.

வெளியூரிலிருந்து கரகம் ஆட வந்த பெண் அதே இடத்தில் வழுக்கி விழுந்தாள். கரகம் உருண்டது.

"அபசகுனம்! திரும்பவும் கடல் உள்ள வந்துடுமோ?" என்று பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

அவள் தன் உள்ளங்கையில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த எண்ணெய்த் தூக்கைப் பார்த்தாள். நான் தூக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"ஒண்ணுமில்லைங்க, என் கால்தான் பிசகிடுச்சு" என்று எழுந்தவள், வீங்கிய காலோடு முழுசாக ஆடி முடித்தாள். அழுதவர்கள் குலவையிட்டார்கள்.

அவள் கிளம்பும்போது ஓடிப்போய், "ஏங்க என்னைக் காட்டிக் கொடுக்கலை?" என்றேன்.

"நான் போயிடுவேன். நீங்க இந்த ஊர்லயே இருக்கணுமேங்க."

உண்மையை ஊராரிடம் சொல்லும் துணிவு எனக்கு மறுவருடத் திருவிழாவில்தான் வந்தது.