பதினெட்டாம் நாள் வந்த யானை

போன ஞாயிற்றுக்கிழமை, ஓசூரை அடுத்த பேரிகை என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் எனக்குப் பப்பாளி நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். கொடுத்த பெண்ணின் பெயர் மஞ்சுளா. அவள் ஒற்றை ஆளாக உருவாக்கிய மொபைல் கேமைத்தான், அதற்கு இரண்டு வாரம் முன்பு, ‘கொட்டாவிக்கு உத்தரவாதம்’ என்று எழுதிக் கிழித்திருந்தேன்.

எந்த முகத்தோடு அதைச் சாப்பிடுவது?

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். வீடியோ கேம், காமிக்ஸ் பற்றி எழுதும் ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளர். பன்னிரண்டு வருடமாக இதுதான். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்ததும், விருதுநகரிலிருந்து லேப்டாப்போடு நானும் வந்து சேர்ந்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள். காலை பத்து மணிக்கு நான் கேம் கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, உடம்புக்கு முடியவில்லை போல என்று ரசம் வைத்துக் கொண்டுவந்தார். “இதுதான்க்கா என் வேலை” என்றேன். “சரி, குடிச்சிட்டு வேலை பாரு” என்றார்.

மஞ்சுளாவின் கேம் இதுதான். ராகி வயலில் ஒரு பரண். அதன்மேல் நீங்கள் காவல் இருக்கிறீர்கள். கையில் டார்ச், தட்டுவதற்கு ஒரு தகர டின். அறுவடைக்கு இருபது நாள். சானமாவுக் காட்டிலிருந்து யானை வந்தால் பயிரைக் காப்பாற்ற வேண்டும்.

நான் மூன்று நாள் காவல் இருந்தேன்... கேமில்தான். நிஜத்தில் அரை மணி நேரம். யானை வரவில்லை. காற்று அடித்தது, ராகி ஆடியது, அவ்வளவுதான். அன்றைக்கு இன்னும் மூன்று விமர்சனம் பாக்கி. ‘இதில் எதுவுமே நடப்பதில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது வாரம் மஞ்சுளாவிடமிருந்து ஒரு மெயில். ‘மேடம், நீங்க ஓசூர்னு கட்டுரைக்குக் கீழே போட்டிருந்தது. சண்டைக்குக் கூப்பிடலை. எங்க அப்பா இந்த கேமை ஆடுறதை ஒரு தடவை வந்து பாருங்க.’

திட்டி எழுதியிருந்தால் போயிருக்க மாட்டேன். திட்டு வாங்கிப் பழக்கம்தான். இந்த மெயில் ஒரு மாதிரி பண்ணியது. போனேன்.

மஞ்சுளாவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங். பார்ட்டைக் கையில் எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூடப் பிடித்துவிடுவாளாம். ஷிப்ட் முடிந்து வந்து, வீடியோ பார்த்துப் பார்த்தே கோடிங் கற்றிருக்கிறாள்.

“இப்ப கேமை ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டேன் மேடம்” என்றாள்.

“ஏம்மா?”

“கம்பெனி பஸ்ல ஒருத்தர் நீங்க எழுதினதைச் சத்தமாப் படிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இறங்கினதும் எடுத்துட்டேன்.”

பப்பாளித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளுடைய அப்பா முனியப்பா உள்ளேயிருந்து வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். அப்பாவை மஞ்சுளா ‘நைனா’ என்றுதான் கூப்பிடுகிறாள். இரண்டு வருடம் முன்பு காவலுக்குப் போனவர் பரணிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். வயலை அவருடைய தம்பி பார்த்துக்கொள்கிறார். இவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்று வேளையும் வயல் பேச்சு, கோபம், சாப்பாட்டைத் தள்ளிவைப்பது. அப்போதுதான் மகள் போனுக்குள் ஒரு பரண் கட்டியிருக்கிறாள்.

“நீங்கதான் நல்லால்லைன்னு எழுதினீங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“நானும் அதையேதான் சொல்றேன். இவ ஆனை எருமை மாதிரி நடக்குது. எழுத்து எறும்பு சைஸுக்கு இருக்குது. சொன்னா கேக்க மாட்டேங்குறா.”

“நைனா...” என்றாள் மஞ்சுளா.

போனைக் கையில் எடுத்ததும் மனிதர் மாறிவிட்டார். கேமில் அவருக்கு அது பதினெட்டாம் நாள். திரையில் காற்று, ராகி. எதுவும் நடக்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காவல்காரனுக்கு எதுவும் நடக்காத நாள்தானே ஜெயித்த நாள்? நான் அதையே குறை என்று எழுதியிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் திரையின் ஓரம் இருண்டது. ஒரு யானை, பின்னாலேயே குட்டி.

“டின்னைத் தட்டுங்க” என்றேன், என்னையறியாமல்.

“தட்டினா பக்கத்து வயலுக்குள்ள போயிடும்மா” என்றார் மெதுவாக. கட்டைவிரலைத் தூக்கியே வைத்திருந்தார். “போ சாமி... ஓரமாப் போ.”

வரப்போரமாக அது நடந்தது. மெதுவாக, ஆமாம், கொஞ்சம் எருமை மாதிரிதான். ஒரு கதிரைக்கூடத் தொடாமல் குட்டியோடு போய்விட்டது. நான் மூச்சை விட்டேன்.

கேமில் மீதி இருந்த இரண்டு நாளையும் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். அறுவடை. களத்தில் ராகிக் குவியல். அதைத் தாண்டி, கம்பெனி யூனிஃபார்மில் டிபன் பையோடு ஒரு சின்ன உருவம் நடந்து போகிறது. கேம் முடிகிறது. மூன்றாம் நாளே எழுந்து போன எனக்கு இது எப்படித் தெரியும்?

“மன்னிச்சிரு மஞ்சுளா. முடிக்காமலே எழுதிட்டேன்.”

அவள் அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கி வைத்தாள். பிறகு, “கம்பெனியில நான் பாதி பார்த்துட்டு ஒரு பார்ட்டை ரிஜெக்ட் பண்ணா, சூப்பர்வைசர் என்னைத்தான் ரிஜெக்ட் பண்ணுவாரு மேடம்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து எடிட்டரைக் கூப்பிட்டேன். “ஒரு கேமுக்கு ரெண்டு விமர்சனமா? வழக்கம் இல்லையே” என்றார். பிடிவாதமாக நின்றேன். பழையதை நீக்க மாட்டேன், புதியது அதன் பக்கத்திலேயே வரும், சம்மதமா என்று கேட்டார். என் அவசரமும் எல்லோர் கண்ணிலும் படும். படட்டும். எழுத்து சிறியது, யானை நடை சரியில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினேன். அந்தக் குறைகளைக் கண்டுபிடித்தவர் முனியப்பா என்றும் குறிப்பிட்டேன்.

புதன்கிழமை மஞ்சுளா அந்த இரண்டையும் சரிசெய்து கேமை மறுபடி ஸ்டோரில் ஏற்றினாள். லிங்க் மட்டும் அனுப்பினாள். கூட ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது போதும்.

இந்த வாரம் கையில் இருப்பது முந்நூறு பக்க காமிக்ஸ். எழுபதாவது பக்கத்தில் இருக்கிறேன். எடிட்டர் போன் செய்து கேட்டால், ஊரில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.