நேற்றுப் பிறந்த சிங்கம்

நம் வீட்டுப் பரணில் ஒரு சிங்கத்தலை இருக்கிறது. மழைக்காலம் வந்தால் அதிலிருந்து மீன் வாடை அடிக்கும். "இன்னாத்துக்குப்பா இத இன்னும் வெச்சுகினு கீறே?" என்று பெரியவள் போன வாரம் கேட்டாள். சின்னவனுக்கு அந்தக் கேள்வி எல்லாம் இல்லை. அதன் தாடைக் கயிற்றை இழுத்து, அதைச் சோறு கேட்க வைத்து விளையாடுகிறான். அந்தச் சிங்கம் பிறந்தபோது நீங்கள் ரெண்டு பேரும் ரொம்பச் சின்னப் பிள்ளைகள். அதனால் அது எப்படி வந்தது, அதற்காக நான் என்ன பொய் சொன்னேன் என்பதை நானே எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

புதுப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். முதல் சவாரிக்கு முன்னால் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் ஒரு மணி நேரம் குங்ஃபூ பயிற்சி. எங்கள் கிளப்பில் மீன் பிடிக்கிறவர், குழாய் வேலை பார்க்கிறவர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு அக்கா என்று பதினாலு பேர். மாஸ்டர் என்று தனியாக யாரும் கிடையாது. யாருக்கு எது நன்றாக வருகிறதோ அவர் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். மண்ணில் நின்று காலை வீசினால் பக்கத்து ஆள் வாயில் மண் போகும். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. துப்பிவிட்டு அடுத்த உதையை உதைப்போம்.

செங்கல்பட்டிலும் ஒரு குங்ஃபூ கிளப் இருக்கிறது. அவர்களுக்கு இரண்டாவது மாடியில் ஹால், தரையெல்லாம் மெத்தை, சுவர் முழுக்கக் கண்ணாடி. அதை நடத்துகிறவர் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். எல்லோரும் அவரை அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன், பறை அடித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் எங்களை 'மண்ணு பார்ட்டி' என்று சொல்வதில் அவருக்கு ஒரு தனி சுகம்.

அந்த வருஷம் மலேசியாவிலிருந்து ஒரு சீனக் குங்ஃபூ கிளப்பார் எட்டுப் பேர் வந்து செங்கல்பட்டில் ஒரு வாரம் தங்கினார்கள். அவர்கள் வித்தையை நாம் பார்ப்பது, நம் வித்தையை அவர்கள் பார்ப்பது, சேர்ந்து சாப்பிடுவது. அதற்காகவே வந்திருந்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் சுற்றுவட்டாரக் கிளப்புகளை எல்லாம் அண்ணாத்த தன் ஹாலுக்குக் கூப்பிட்டார். எங்கள் கிளப் சார்பாக நானும் என் மச்சானும், அதாவது உங்கள் தாய்மாமனும், போனோம்.

அந்தக் குழுவுக்குத் தலைவி ஐம்பது வயசு தாண்டிய ஒரு சீனத்து அம்மா. வாயைத் திறந்ததும், மலேசியக்காரர்கள் போடுகிற 'லா'வோடு, தமிழ் பேசினார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரப்பர் தோட்டத்துல வளந்தேன் லா. பக்கத்து வீடு எல்லாம் தமிழாளுங்க. ரசம் கூட வைப்பேன்" என்றார். அவர்களோடு ஒரு சிங்கமும் வந்திருந்தது. சிவப்பும் தங்கமுமாக முடி வைத்த பெரிய தலை. கண் சிமிட்டும், காது ஆட்டும். தலைக்குள் ஒருவர் நிற்பார், பின்னால் துணிக்குள் ஒருவர் குனிந்திருப்பார். ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினால் ஒரே மிருகம்தான்.

ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அந்த அம்மா என்னைக் கேட்டார். "உங்க கிளப்ல சிங்கம் இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாத்த முந்திக்கொண்டார். "அவுங்களான்ட இன்னா கீதும்மா? மண்ணுதான் கீது. உருளுவாங்க, எய்ந்துப்பாங்க, குளிச்சிட்டு வூட்டுக்குப் போவாங்க."

ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கும்போதே என் வாய் தானாகப் பேசியது. "கீதும்மா. பத்து வருசமா கீது."

பக்கத்தில் மச்சான் டீயை விழுங்க முடியாமல் இருமினார். அந்த அம்மாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "அப்ப ஞாயித்துக்கிழமை காலையில மாமல்லபுரம் கடற்கரைக்கு உங்க சிங்கத்தைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு கிளப் சிங்கம் சந்திச்சாதான் ரெண்டு கிளப்பும் சொந்தமாகும். எங்க பழக்கம் அது" என்றார்.

அண்ணாத்த என்னையே பார்த்தார். "வருவாங்கம்மா. நானே பறை எடுத்தாந்து அடிக்கிறேன். அந்தச் சிங்கத்த நானும் பாக்கணும்ல."

திரும்பி வரும்போது ஆட்டோவில் மச்சான் இன்னும் இருமிக்கொண்டே இருந்தார். கல்பாக்கம் தாண்டின பிறகு, "பத்து வருசம்னு ஏன் சொன்னே? ஒரு வருசம்னு சொல்லியிருந்தாலாவது கம்மி வெக்கத்தோட மாட்டியிருப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. "பொய் சொன்ன வாய்தானே? அதையே சிங்கத்தையும் பெத்துக் குடுக்கச் சொல்லு." கொஞ்ச நேரம் கழித்து மெஷின் தானாக நின்றது. "எவ்ளோ பெருசு வேணும்?" என்றாள்.

மூன்று நாள்தான் இருந்தது. ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி நாலை மச்சான் கொண்டு வந்தார். அதை அறுத்து, ஒட்டி, மீன் கூடை ஒன்றின் மேல் கட்டினோம். அதுதான் தலை. ரெண்டு முறம் ரெண்டு காது. நைலான் கயிற்றைப் பிரித்துச் சிக்கெடுத்தால் நல்ல தாடி வருகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணுக்கு வலையில் கட்டுகிற வெள்ளை மிதவை ரெண்டு. உடம்புக்கு உங்கள் அம்மாவின் மஞ்சள் புடவை. அதன் ஓரத்தில் ஜாக்கெட் வெட்டின துண்டுகளை எல்லாம் அடுக்கடுக்காகத் தைத்துவிட்டாள். நர்ஸ் அக்கா வண்ணம் அடித்தார். வாடை மட்டும் போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தோம், சாம்பிராணி போட்டோம். கடைசியில் சாம்பிராணி வாசத்தோடு மீன் வாடை வந்தது. "கோயில்ல மீன் கொழம்பு வெச்ச மாரி கீது" என்றார் மச்சான்.

ஆட்டத்தைப் போனில் வீடியோ பார்த்துப் பழகினோம். மச்சான் தலை, நான் வால். வாலாக இருப்பவனுக்கு உலகம் என்றால் முன்னால் நிற்பவனுடைய குதிகால் மட்டும்தான். இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் சிங்கம் நடந்தது, உட்கார்ந்தது, தலையைச் சொறிந்துகொண்டது. கண் மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது. அம்மா தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து ரெண்டு கருவிழி வைத்தாள். அப்போதுதான் அது எங்களைப் பார்த்தது. பெரியவளே, நீ பயந்து அழுதாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமல்லபுரத்துக் கடற்கரையில் நல்ல கூட்டம். அண்ணாத்த பறையைத் தீயில் காய்ச்சி எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். மலேசியக்காரர்கள் பெரிய பித்தளைத் தாளம் வைத்திருந்தார்கள். எங்கள் சிங்கத்தைப் பார்த்ததும் அண்ணாத்த மூக்கை உறிஞ்சினார். பறை முழங்கியது, தாளம் சேர்ந்துகொண்டது. அந்தப் பக்கமிருந்து அவர்கள் சிங்கம், இந்தப் பக்கமிருந்து எங்கள் சிங்கம். ஜனங்கள் விசில் அடித்தார்கள். துணிக்குள் குனிந்திருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொய் உண்மை மாதிரியே ஆடிக்கொண்டிருந்தது.

இனிமேல் நடந்ததைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாசி மகத்துக்கு நம் சாமி கடலுக்குப் போகும். எதிரே பக்கத்துக் குப்பத்துச் சாமி வந்தால் பல்லக்கைத் தோளிலிருந்து கைக்கு ஏற்றி உயரத் தூக்குவோம். எவ்வளவு உயரமோ அவ்வளவு மரியாதை. அதனால் அவர்கள் சிங்கம் பக்கத்தில் வந்ததும் மச்சான், "தூக்குடா" என்றார். நான் அவர் இடுப்பைப் பிடித்து என் தொடை மேல் ஏற்றினேன். அவர் சிங்கத்தின் தலையைக் கை எட்டும் மட்டும் தூக்கிப் பிடித்தார்.

தாளம் நின்றது.

பறை மட்டும் கொஞ்ச நேரம் தனியாக அடித்து, அதுவும் நின்றது. துணிக்குள்ளிருந்து எனக்குத் தெரிந்தது அவர்கள் சிங்கத்தின் கால் மட்டும். முடி வைத்த சிவப்புச் செருப்பு நாலும் அசையாமல் நின்றன. பிறகு இன்னும் ரெண்டு ஜோடிக் கால்கள் முன்னால் வந்து அகலமாக நின்றன. அந்த நிலை எனக்குத் தெரியும். சண்டைக்கு நிற்கிற நிலை.

யாரோ என் துணியைத் தூக்கினார்கள். அந்த அம்மா. முகத்தில் சிரிப்பு இல்லை.

"ரெண்டு சிங்கம் சந்திச்சா ரெண்டும் தலையைத் தாழ்த்தணும். தலையைத் தூக்கினா, நீ எனக்குக் கீழ, வா சண்டைக்குன்னு அர்த்தம். புது சிங்கம்னா தெரியாம செஞ்சிருக்கும். உங்களுது பத்து வருஷச் சிங்கம். தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

குனிந்த வாக்கிலேயே நான் நின்றேன். சாமி பல்லக்கைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் பத்து வருஷமாகச் சிங்கம் ஆடுகிறவனுக்குச் சிங்கத்தின் மரியாதை தெரியாதா என்று கேட்டால் என்ன சொல்வது? பொய் நிலைக்க வேண்டுமானால் நாங்கள் அவர்களை வேண்டுமென்றே அவமானப்படுத்தியவர்கள் ஆக வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்களை. மச்சான் சிங்கத்தின் வாய் வழியாகக் கிசுகிசுத்தார். "சும்மா சாரி சொல்லு. மத்ததப் போட்டு ஒடைக்காத. அண்ணாத்த நிக்கிறாரு."

அண்ணாத்த நின்றுகொண்டுதான் இருந்தார், பறையோடு, ரெண்டு அடி தூரத்தில். நான் நிமிர்ந்தேன். இடுப்பு மளுக்கென்றது.

"அம்மா, பொய் சொல்லிட்டேன். எங்களான்ட சிங்கமே கிடையாது. புதன்கிழமை நீங்க கேட்டப்புறம்தான் செஞ்சோம். மீன் பொட்டில. எங்க ஊர்ல எதிர்ல வர்ற சாமிக்கு எங்க சாமிய உசரத் தூக்குனாதான் மரியாதை. அதான் தூக்கிட்டோம். அவமானப்படுத்தலம்மா."

அந்த அம்மா சிங்கத்தின் முகத்துக்குப் பக்கத்தில் போனார். முகர்ந்து பார்த்தார். கண்ணைத் தொட்டார். "கண்ணைத் திறந்தது யாரு?"

கூட்டத்திலிருந்து உங்கள் அம்மா, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்னால் வந்தாள். "நாந்தான். நெயில் பாலிஷ்ல. நேத்து சாயங்காலம்."

"நேத்தா?"

"நேத்துதான்."

அந்த அம்மா தன் ஆட்களைப் பார்த்துச் சீன மொழியில் ஏதோ சொன்னார். முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எட்டுப் பேரும் சிரித்தார்கள். எங்களுக்குத் தமிழில் சொன்னார். "நேத்துப் பொறந்த குட்டி லா. அதுக்கு எப்படித் தெரியும் மரியாதை? நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

புதுச் சிங்கத்துக்கு விருந்தாளி கையால் சிவப்பு வைத்துக் கண் திறப்பதுதான் முறையாம். அதுவரைக்கும் அது தூங்குமாம். உங்கள் அம்மாவிடம் குங்குமம் இருந்தது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தார்கள். "ஒரு கண்ணு நீ வை. ஒரு கண்ணு நான்" என்றார் அந்த அம்மா. நகப்பூச்சின் மேலேயே ரெண்டு பேரும் ஆளுக்கொன்றாக வைத்தார்கள். சிங்கத்தின் நெற்றிக்கு ஒரு பொட்டும் கிடைத்தது.

அண்ணாத்த மறுபடி பறையை எடுத்தார். ரெண்டு சிங்கமும் மூக்கு மண்ணில் படுகிற அளவுக்குத் தாழ்ந்தன. "இப்ப உங்க ஊர் மரியாதை" என்று அந்த அம்மா கத்த, ரெண்டு சிங்கமும் ஒரே நேரத்தில் உயர எழும்பின. கடற்காற்று பலமாக அடித்தது. எங்கள் சிங்கத்தின் இடது காது பிய்ந்து பறந்தது. அதை எட்டிப் பிடித்தவர் அண்ணாத்த.

முறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்து வருசத்துல ஒரு காதக் கூட ஒட்ட முடியல உங்களால." சொல்லிக்கொண்டே தலையில் கட்டியிருந்த டிராகன் படம் போட்ட பட்டையை அவிழ்த்து, படம் வெளியே தெரிகிற மாதிரி, காதை இறுக்கிக் கட்டினார்.

எல்லாம் முடிந்து சுண்டல் சாப்பிடும்போது அந்த அம்மா என்னைப் பார்த்தார். "சரி, நிஜமாச் சொல்லுங்க. உங்க கிளப்ல என்னதான் இருக்கு?"

அண்ணாத்த மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மண்ணு கீதும்மா" என்றேன். "வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப அந்த மண்ணையே காட்டுங்க லா" என்று அந்த அம்மா செருப்பைக் கழற்றி மண்ணில் கால் வைத்தார். மறுநாள் காலையில் எட்டுப் பேரும் சதுரங்கப்பட்டினம் வந்துவிட்டார்கள். மெத்தையில் பழகின கால்கள். முதல் உதையிலேயே பாதிப் பேர் விழுந்தார்கள், வாயெல்லாம் மண். கூட வந்த அண்ணாத்த விழுந்த இடத்தில் ஒரு குழியே ஆகிவிட்டது.

"எய்ந்துருங்க அண்ணாத்த. உருளுவாங்க, எய்ந்துப்பாங்க, அவ்ளோதானே?" என்று மச்சான் கை கொடுத்தார்.

"தூக்குடா மொதல்ல" என்றார் அவர், மண்ணைத் துப்பியபடி.

இப்போது மாதத்தில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்காரர்கள் நம் மண்ணுக்கு வருகிறார்கள். ரெண்டு ஞாயிறு நாங்கள் அவர்கள் ஹாலுக்குப் போகிறோம். நுழைவதற்கு முன்னால் காலைக் கழுவச் சொல்கிறார் அண்ணாத்த. சிங்கம் ரெண்டு கிளப்புக்கும் பொது. அவர் முன்னால் நிற்க ஆசைப்பட்டார். உயரம் பத்தவில்லை, அதனால் வால் அவருக்குப் போனது. எனக்கு இடுப்பு பிழைத்தது.

பெரியவளே, அதை ஏன் வைத்திருக்கிறோம் என்று கேட்டாய் அல்லவா? வருகிற ஞாயிறு அண்ணாத்த வீட்டுக்கு வருகிறார். காது மறுபடி தளர்ந்துவிட்டதாம், இறுக்கிக் கட்ட வேண்டுமாம். பரணிலிருந்து மெதுவாக இறக்கு. குங்குமம் வைத்த கண்ணில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொள்.