சஹனுக்கு வெளியே ஒரு தட்டு

ஆய்வுக்கூட அறிக்கையின்படி ஜஹானாரா கடுமையான வைரஸ் தொற்றில் இருப்பவள். இரத்தத்தில் கிருமி எக்கச்சக்கம். உறுப்பு தானத்துக்குத் தகுதியற்றவள். அதை வாங்கிக்கொண்டு அவள் லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் மூன்று மாடி இறங்கி, பஸ் பிடித்து, பெரிய கடைவீதியில் தன் வளையல் கடையைத் திறந்து, பேரம் பேச வந்த இருவரை வாயடைக்க வைத்தாள். அவள் கடைசியாகக் காய்ச்சலில் படுத்தது வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

சிறுநீரகம் போக வேண்டியது தம்பி கலீமுக்கு. துபாயிலிருந்து இரண்டும் பழுதாகித் திரும்பியவன், டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தான். அண்ணன் நிஜாமுதீனுக்குச் சர்க்கரை. ஆகவே அவரால் ஆலோசனை மட்டுமே தானம் செய்ய முடிந்தது.

அறிக்கையில் ஹெர்ப்பிஸ் என்ற சொல் இருந்தது. அண்ணன் போனில் தேடினார். அந்தப் பெரிய வைரஸ் குடும்பத்தில், படுக்கையில் தொற்றும் மானக்கேடான உறுப்பினரைப் பற்றியே முதலில் வந்தது. விதவைத் தங்கையிடம் அவர் எதுவும் கேட்கவில்லை, கேட்காததுதான் வலித்தது. இறந்துபோன அத்தாவின் வருஷ ஃபாத்திஹா விருந்தில், நாலு பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக உண்ணும் சஹன் தாம்பாளத்தில் அவளுக்கு இடமில்லை. தனியாக ஒரு எவர்சில்வர் தட்டு வந்தது. பிரியாணி என்னவோ அதே பிரியாணி.

சிறுநீரக டாக்டர் ஆனந்தவள்ளிக்கு அறிக்கை உறுத்தியது. இவ்வளவு கிருமி உள்ளவள் இப்படிப் படியேற மாட்டாள். கிருமி இரத்தத்தில் மட்டும்தானா என்று பார்க்க, வேரோடு பிடுங்கிய முடி கேட்டார், உடன்பிறந்தவர்களிடமும். கலீம் உடனே கொடுத்தான். நிஜாமுதீனுக்குத் தலை வழுக்கை, மிச்சமிருந்தது தாடி. நபிவழி என்று வளர்த்த சுன்னத்தான தாடியில் கை வைப்பதாவது என்று இரண்டு வாரம் யோசித்து, பிஸ்மி சொல்லி நாலைந்து மயிர் பிடுங்கினார்.

முடிவு வந்தது. முடியின் வேரிலும் அதே வைரஸ். தொற்றியதல்ல, எந்தத் தலைமுறையிலோ குரோமோசோமில் ஒட்டிக்கொண்டு, பெற்றவர் வழியே உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இறங்கியது. ஜஹானாராவுக்கு உண்டு. தனித்தட்டு போடச் சொன்ன நிஜாமுதீனுக்கும் உண்டு. கலீமுக்கு இல்லை.

"அப்ப குடுக்கலாமா டாக்டர்?"

"தடை இல்லம்மா. பெரும்பாலும் அது தூங்கிட்டுதான் இருக்கும். ஆனா எப்பவாவது லேசா முழிச்சுக்கும். எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரைக்கு நடுவுல, உங்க தம்பி உடம்புல என்ன பண்ணும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. கண்காணிக்கலாம். அவர்கிட்டயும் நான் பேசணும்."

வெளியே வந்ததும் நிஜாமுதீன், தாடியைத் தடவியபடி, டாக்டருக்கு முந்திக்கொண்டு நீ வாயைத் திறக்காதே என்றார். கலீம் பயந்தாங்கொள்ளி, வேண்டாம் என்பான், மவுத்தாகிவிடுவான்; டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. சொன்னால் தம்பி மறுத்துச் சாகலாம். சொல்லாமல் கொடுத்தால், அவளுக்குள் தூங்கியது அவனுக்குள் விழிக்கலாம்.

டயாலிசிஸ் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னாள். கலீம் குழாயில் ஓடும் இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீடு அண்ணனுக்கு, கடை உங்களுக்கு. இந்தக் கிருமியைக்கூட எனக்குன்னு விட்டுட்டுப் போகலையா லாத்தா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாயிருக்கா என்று கேட்டாள். இருக்கு என்றான். வேண்டாமென்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஜஹானாரா தன் இடது சிறுநீரகத்தைத் தம்பிக்குக் கொடுத்தாள். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.