ஹஃபீலா புதைத்த கட்டி

முத்தலிபுக்கு அலுத்துப்போயிருந்தது. வலது தோளில் வளர்ந்த கட்டியால் வந்த அலுப்பு கொஞ்சம், அதைப் பற்றி ஊர் கதைத்த கதையால் வந்த அலுப்பு மிச்சம். தில்லையடியில் ஆளுக்காள் டொக்டர். "உப்பு மூட்டை சுமக்கிற தோள்தானே நானா, கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும்" என்பான் ஒருவன். மஞ்சள் குழைத்துப் பூசச் சொல்வான் இன்னொருவன். நோகாத கட்டிக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று எல்லோருக்கும் ஒரே பேச்சு. அட, நோகாமல் வளர்ந்ததுதானே அதன் கள்ளத்தனம்!

யுத்தகாலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட நாளில், சிறு பிள்ளையாக வாப்பாவின் தோளில் ஏறி வந்தவன் முத்தலிபு. அவனை யாரும் சுமந்தது அதோடு சரி. பிறகெல்லாம் அவன்தான் சுமந்தான். அந்த வலது கை உழைத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

இது இரண்டாவது கட்டி. முதலாவது போன வருஷம் நோன்புக்கு முன்பு, அதே தோளுக்குச் சற்றுக் கீழே பாக்களவில் வந்தது. டவுனில் ஒரு கிளினிக்கில் விறைக்க வைத்து வெட்டியெடுத்தார்கள். சோதனைக்கு அனுப்பவா என்று கேட்டபோது அவன் மனைவி ஹஃபீலா குறுக்கே விழுந்தாள்.

"வேணாம், மனிசன்ட சதைய குப்பையில எறிஞ்சிடுவாங்க. எங்கட வாப்பாட விரல் போனப்பவும் நாங்க அடக்கினதுதான். தாங்க, மண்ணுக்குக் குடுக்கணும்."

உடம்பிலிருந்து பிரிந்ததை மண்ணில் அடக்குவது அவர்கள் வழக்கம். கிளினிக்காரர்களும் மறுபேச்சில்லாமல் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். வேலியோரம் கிடங்கு வெட்டி, பிஸ்மி சொல்லி அவளே புதைத்தாள்.

ஹஜ் பெருநாள் கழிய அதே இடத்தில் மறுபடி தடித்தது. இந்தமுறை கோழிமுட்டையளவு. ஆழத்தில் கிடந்தது, விரலால் தள்ளினால் அசையவில்லை. குருநாகல் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்கள். ஸ்கேன், ஊசி குத்திச் சதை எடுப்பது, காத்திருப்பது, திரும்பவும் பஸ். போகும் இடமெல்லாம் ஒரே கேள்வி: முதல் கட்டியின் ரிப்போட் எங்கே? ஹஃபீலா தலைகுனிந்துகொள்வாள். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. "எல்லாம் என்னாலதானே" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

ஒருவழியாக முடிவு வந்தது. டொக்டர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். உப்பளத்தில் சிங்களவர்களோடு காலம் கழித்த முத்தலிபுக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. கொழுப்பு இல்லை, தசைக்குள் வளரும் அபூர்வமான புற்றுநோய். நரம்பையும் இரத்தக்குழாயையும் சுற்றிப் பிடித்துவிட்டது. தோளோடு கையை எடுத்தால் உயிர் தப்பலாம். முதல் கட்டியைச் சோதித்திருந்தால், அப்போதே சுற்றுச்சதையோடு வெட்டிக் கையைக் காப்பாற்றியிருக்கலாம். ஹஃபீலாவுக்குத் தெரிந்த சிங்களம் கடையில் சாமான் வாங்குவதற்கு மட்டுமே போதும்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"என்னவாம்?"

முத்தலிபுக்கு வாய் திறக்கவே களைப்பாக இருந்தது. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"முதல்ல எடுத்தத சோதிச்சிருந்தாலும் ஒண்டும் தெரிஞ்சிருக்காதாம். அது வேற, இது வேறயாம். நீ அடக்கினதில ஒரு பிழையும் இல்லயாம்."

"மெய்யாவா? டொக்டரா சொன்னார்?"

"ஓம் புள்ள."

"அல்ஹம்துலில்லாஹ்!"

ஹஃபீலா தலையில் போட்டிருந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்தலிபு வலது கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். கையைப் பற்றி அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.